கையெழுத்தில் கண்டேன்: மொழிபெயர்த்தவர் மறைந்தபின் நூலைப் பேணிய மரபு

மனிதன் மரணித்ததும் அவனுடைய செயல்கள் முடிவுறுகின்றன. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, அவனுக்காகப் பிரார்த்திக்கும் நற்பிள்ளை ஆகிய மூன்று மட்டுமே அவனைத் தொடர்கின்றன என்னும் கருத்தமைந்த நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். இம்மூன்றில் இரண்டு ஒரே இடத்தில் சந்திக்கும்போது எழும் பொறுப்பைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. தந்தை விட்டுச் சென்ற கல்வி ஒரு கையெழுத்துப் படியாகப் பிள்ளையின் கையில் இருக்கிறது. அவர் அதை என்ன செய்ய வேண்டும்?

இக்கேள்வி நம்மிடம் வந்தது திருவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகத்தில். வைத்தியநாத சுவாமி கோயிலால் பெயர் பெற்ற அப்பகுதியில் வாழும் அன்பர் ஒருவர், மறைந்த தம் தந்தையாரின் இரண்டு குறிப்பேடுகளை நம்மிடம் கொடுத்தார். தந்தையார் மதரஸாவில் ஓதியவர். மகனோ ஆலை ஒன்றில் கணக்கர், அரபி அறியாதவர். குறிப்பேடுகளில் இருந்தது 'ஈஸாகூஜி'யின் தமிழாக்கம். பல ஆண்டுகள் அடித்தும் திருத்தியும் எழுதப்பட்ட அது, கியாஸ் என்னும் அனுமானப் பகுதியோடு நின்றுவிடுகிறது. அச்சிடலாம் என்றால் தமிழைப் புதுக்கிவிடுங்கள் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினாராம். மன்திக் படிப்பார் யார், விட்டுவிடுங்கள் என்று மற்றொருவர் சொன்னாராம். "ஹஜ்ரத், நான் என்ன செய்யட்டும்?" என்றார் அன்பர்.

அன்று நாம் சுருக்கமாகவே விடை கூறினோம். விரிவான விடை நம் அறிவு வரலாற்றில் இருக்கிறது. அதை ஈண்டு எழுதுகிறோம்.

ஒரு கிரேக்கச் சொல்லின் பயணம்

ஈஸாகூஜி என்பது அரபிச் சொல்லன்று; 'அறிமுகம்' அல்லது 'நுழைவாயில்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தூர் நகரத்து ஃபர்ஃபூரியூஸ் (போர்ஃபிரி) என்னும் தத்துவ அறிஞர், அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களுக்கு நுழைவாயிலாக இப்பெயரில் ஒரு சிறு நூல் எழுதினார். பாக்தாதில் அபூ உஸ்மான் அத்திமிஷ்கீ அதனை அரபியில் பெயர்த்தார். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அல்-அப்ஹரீ தர்க்கவியல் முழுவதையும் சுருக்கி மாணவர்களுக்கென ஒரு கையேடு இயற்றியபோது அதற்கும் அப்பெயரே நிலைத்தது. ஜின்ஸ், நவ்உ, ஃபஸ்ல், காஸ்ஸா, அரள் ஆம் என்று நம் மாணவர்கள் ஓதிய ஐந்து பொதுமைகள் ஃபர்ஃபூரியூஸ் வகுத்தவையே.

தமிழ்நாட்டு மண்ணில் இக்கல்வி வேரூன்றியதற்குச் சான்று சென்னைத் திருவல்லிக்கேணியில் இருக்கிறது. தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த லக்னோ முல்லா நிஜாமுத்தீனின் மகனார், பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்), நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து கற்பித்தார், ஹி. 1225 / கி.பி. 1810இல் மறைந்து, வாலாஜா மஸ்ஜித் வளாகத்தில் அடக்கமானார். முஹிப்புல்லாஹ் பிஹாரியின் 'ஸுல்லமுல் உலூம்' என்னும் தர்க்க நூலுக்கு அவர் எழுதிய விளக்கவுரை அறிஞரிடையே புகழ்பெற்றது. கிரேக்கச் சிந்தனை தமிழகத்திற்கு இரண்டு வாயில்களால் வந்தது எனலாம். ஒன்று, வெ. சாமிநாத சர்மா (1895–1978) போன்றோர் பிளேட்டோவைத் தமிழில் தந்த ஆங்கில வாயில். மற்றொன்று, அதற்கு மிக முற்பட்ட நம் மதரஸாக்களின் அரபி வாயில். மடவார் வளாகத்துக் குறிப்பேடுகள் இரண்டாம் வாயில் வழியே வந்தவை.

பாக்தாதின் இரண்டு தந்தையர், இரண்டு மகன்கள்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பாக்தாதில் ஒரே காலத்தில் வாழ்ந்த இருவரை நினைவுகூர்வோம். ஒருவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்). மற்றவர் ஹீராவில் பிறந்த கிறிஸ்தவ மருத்துவரும் மொழிபெயர்ப்பாளர்களின் தலைவருமான ஹுனைன் இப்னு இஸ்ஹாக். முன்னவர் ஹி. 241 / கி.பி. 855இலும், பின்னவர் ஹி. 260 / கி.பி. 873இலும் மறைந்தனர். கொள்கையாலும் துறையாலும் இருவரும் தொலைவில் நின்றவர்கள். ஆயினும் ஒன்றில் ஒத்தனர்: இருவரின் அறிவும் மகன்களின் கையில் வந்து சேர்ந்தது.

ஹுனைனின் முறையை அவரே எழுதிய நிருபத்தால் அறிகிறோம். கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் (கேலன்) நூல்களுள் மொழிபெயர்க்கப்பட்டவை எவை என்று ஒருவர் கேட்க, 129 நூல்களைப் பற்றி அவர் அதில் கூறுகிறார். மருத்துவப் பிரிவுகள் பற்றிய ஒரு நூலை ஏறத்தாழ இருபது வயதில், பழுதுற்ற ஒரே படியிலிருந்து ஸுர்யானி மொழியில் பெயர்த்ததாகவும், நாற்பது வயதளவில் பல கிரேக்கப் படிகள் கிட்டியபின் அவற்றை ஒப்பிட்டுச் செம்மையான ஒரு படியை உருவாக்கி, முன்னைய பெயர்ப்பை அதனோடு வைத்துத் திருத்தியதாகவும் சொல்கிறார். தர்க்கச் சான்று பற்றிய ஜாலீனூஸின் நூலைத் தேடி ஜஸீரா, ஷாம், ஃபலஸ்தீன், மிஸ்ர் என அலைந்து இஸ்கந்தரியா வரை சென்றும், திமிஷ்கில் அதன் ஏறக்குறைய பாதி மட்டுமே கிட்டிற்று என்கிறார்.

இருபது வயதின் பிழையை நாற்பது வயதில் திருத்தும் உரிமை ஹுனைனுக்கு இருந்தது. நூல் அவருடையது, அவர் உயிரோடிருந்தார். மொழிபெயர்த்தவர் மறைந்தபின் அவ்வுரிமை யாருக்கு?

இங்கேதான் இமாம் அஹ்மதின் இல்லம் நமக்கு வழிகாட்டுகிறது. 'முஸ்னத்' என்னும் பெருந்தொகுப்பை இன்றைய வடிவில் நமக்குச் சேர்த்தவர் அவருடைய மகனார் அப்துல்லாஹ் (ரஹ்) (மறைவு ஹி. 290 / கி.பி. 903). தந்தையிடம் செவியுற்றதைச் செவியுற்றதாகச் சொன்னார். தந்தையின் ஏட்டில் மட்டும் கண்டதை, தந்தையின் கையெழுத்தில் கண்டேன் என்று சொன்னார். பிறரிடமிருந்து தாம் சேர்த்ததை அவர்கள் பெயராலேயே சேர்த்தார். எனவேதான் எது தந்தையுடையது, எது மகனின் சேர்க்கை என்று ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பிரித்தறிய முடிகிறது. ஹதீஸ் கலையில் இதற்கு 'விஜாதா' என்று பெயர். ஒருவரிடம் நேரில் கேளாது அவர் கையெழுத்தில் ஒன்றைக் கண்டவர், கண்டேன் என்றே சொல்ல வேண்டும்; அவர் எனக்குச் சொன்னார் என்று சொல்லலாகாது. ஆசிரியர் மறைந்தபின் நூலை வெளியிடுவோர் அனைவருக்கும் உரிய சட்டம் இந்த ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கிறது.

ஹுனைனின் மகனார் இஸ்ஹாக் (மறைவு ஹி. 298 / கி.பி. 910) தந்தை மருத்துவத்தில் செய்ததைத் தத்துவத்தில் செய்தார். அரிஸ்டாட்டிலின் தர்க்கத் தொகுதியில் முதல் நூல்களான 'மகூலாத்', 'இபாரா' இரண்டும் அவருடைய அரபியில் நமக்குக் கிட்டியுள்ளன. அவை எவ்வாறு கிட்டின என்பதும், அவருடைய வேறு பெயர்ப்புகள் ஏன் கிட்டவில்லை என்பதும் படிப்பினை மிகுந்த வரலாறு.

ஐம்பது தீனாருக்கும் தராத நூல்கள்

இவ்வரலாற்றின் நடுநாயகர் யஹ்யா இப்னு அதீ (மறைவு ஹி. 363 / கி.பி. 974). யஃகூபிய கிறிஸ்தவர்; அபூ பிஷ்ர் மத்தாவிடமும் அல்-ஃபாராபியிடமும் பயின்றவர்; நூல்களைப் படியெடுத்து வாழ்ந்தவர். இவ்வளவு எழுதுகிறீரே என்று இப்னுந் நதீம் அவரைக் கடிந்துகொண்டபோது, தபரியின் குர்ஆன் விரிவுரையைத் தம் கையால் இருமுறை படியெடுத்ததாகவும், ஓர் இரவு பகலில் நூறு ஏடுகள் எழுதுவதாகவும் கூறினாராம். தத்துவ ஏடுகளைப் படியெடுத்த அதே கரம் தஃப்ஸீரையும் படியெடுத்தது என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும்.

ஹி. 377 / கி.பி. 987இல் தொகுக்கப்பட்ட 'அல்-ஃபிஹ்ரிஸ்த்'தில் யஹ்யா சொன்னதாக இரண்டு நிகழ்ச்சிகளை இப்னுந் நதீம் பதிவு செய்கிறார். அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு அஃப்ரோடிசியாஸ் நகரத்து அலெக்சாந்தர் எழுதிய இரண்டு விளக்கவுரைகள், இப்ராஹீம் இப்னு அப்தில்லாஹ் என்னும் கிறிஸ்தவ அறிஞர் விட்டுச் சென்ற பொருள்களுள் இருந்தன. 120 தீனார் விலை சொன்னார்கள். யஹ்யா பணம் தேடப் போனார். திரும்பி வருவதற்குள் வேறு நூல்களோடு சேர்த்து 3000 தீனாருக்குக் குராஸான் நாட்டார் ஒருவருக்கு அவை விற்கப்பட்டுவிட்டன.

இரண்டாவது இதனினும் துயரமானது. குதர்க்கம் பற்றிய 'ஸூஃபிஸ்தீகா', 'கதாபா' என்னும் சொற்பொழிவியல், 'ஷிஃர்' என்னும் கவிதையியல் ஆகிய மூன்றும் இஸ்ஹாக்கின் பெயர்ப்பில் அதே இப்ராஹீமிடம் இருந்தன. யஹ்யா ஐம்பது தீனார் தருவதாகக் கேட்டும் அவர் விற்கவில்லை. மரண வேளையில் அவற்றை எரித்துவிட்டாராம்.

ஏன் எரித்தார் என்று இப்னுந் நதீம் சொல்லவில்லை. அதன் விளைவை மட்டும் நாம் காண்கிறோம். கவிதையியல் இன்று நமக்கு மத்தாவின் (மறைவு ஹி. 328 / கி.பி. 940) அரபியில்தான் கிடைக்கிறது. மத்தாவுக்குக் கிரேக்கம் தெரியாது, ஸுர்யானியிலிருந்து பெயர்த்தவர். கிரேக்க நாடக மரபு அறியாத சூழலில், துன்பியல் நாடகம் என்பதற்கு 'மதீஹ்' (புகழ்ப்பா) என்றும், இன்பியல் நாடகம் என்பதற்கு 'ஹிஜா' (வசைப்பா) என்றும் எழுதினார். இப்னு ருஷ்தின் கவிதையியல் உரை இதன்மேல் எழுந்தது. அவ்வுரை 1256இல் துலைத்துலா (டொலேடோ) நகரில் இலத்தீனாக்கப்பட்டு, நெடுங்காலம் ஐரோப்பியருக்கு அரிஸ்டாட்டிலின் கவிதையியலாக விளங்கிற்று.

மூன்றையும் எழுதி வைத்தவர்

யஹ்யாவின் மாணவர் ஹஸன் இப்னு ஸுவார் (பிறப்பு ஹி. 331 / கி.பி. 942). தர்க்கத் தொகுதி முழுவதையும் அவர் ஒழுங்குபடுத்தினார். இஸ்ஹாக், அபூ உஸ்மான், மத்தா முதலிய முன்னோர் அப்போது மறைந்துவிட்டனர். அவருடைய படியிலிருந்து வந்த தொகுதி பாரிஸ் தேசிய நூலகத்தில் அரபு ஏடுகளுள் 2346 என்னும் எண்ணுடன் இருக்கிறது.

அத்தொகுதியில் 'மகூலாத்' நூலின் வழிமுறை குறிக்கப்படுகிறது: இஸ்ஹாக் தம் கையால் எழுதிய மூலப்படி, அதனோடு ஒப்பிடப்பட்ட யஹ்யாவின் படி, அதிலிருந்து வந்த படி. ஹதீஸின் இஸ்னாதைப் போலவே அரிஸ்டாட்டிலுக்கும் ஒரு சங்கிலி! வேறு பெயர்ப்புகளில் சொல் மாறுபட்டால் அதனை ஓரத்தில் குறித்தனர். நூலின் உடலில் இஸ்ஹாக்கின் சொல் அப்படியே நின்றது.

குதர்க்க நூலில் இப்னு ஸுவார் செய்தது இதனினும் சிறந்தது. இஸ்ஹாக்கின் பெயர்ப்பு அவர் தொகுதியில் இல்லை. கிடைத்தவை யஹ்யா இப்னு அதீ, ஈஸா இப்னு ஸுர்ஆ ஆகியோரின் பெயர்ப்புகளும் பழைய பெயர்ப்பு ஒன்றும். மூன்றையும் கலந்து தெளிவான நான்காம் பெயர்ப்பு ஒன்றைச் செய்திருக்கலாம். அதற்குரிய புலமை அவருக்கு இருந்தது. அவர் அவ்வாறு செய்யவில்லை. பகுதி பகுதியாக மூன்றையும் அடுத்தடுத்து எழுதி, காரணத்தையும் கூறினார். ஆசிரியர் கருதிய பொருளை அவரைப் போலவே உணர்ந்தவரே அதை வேறு மொழிக்குக் கொண்டுசெல்ல இயலும். ஸுர்யானியில் பெயர்த்தவர் சிலவிடங்களில் பொருளை முற்றும் உணரவில்லை. ஆகவே கிடைத்தவை அனைத்தையும் தருகிறோம், கற்போர் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளங்கிக்கொள்ளட்டும் என்பது அவர் கூற்றின் சாரம். தம் ஆசிரியரின் பெயர்ப்பையும்கூட அவர் மற்ற இரண்டையும் நீக்கிவிட்டு நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிழையும் பயன்படும்

பிழையைப் பிழை என்று தெரிந்தே ஏன் காக்க வேண்டும்? மத்தாவின் கவிதையியலே இதற்கு விடை.

கவிதையியலின் முதல் அத்தியாயத்தில், சொற்களை மட்டுமே கொண்டு போலச்செய்யும் ஒரு கலையைப் பற்றி அரிஸ்டாட்டில் பேசுகிறார். கிரேக்க ஏடுகளில் அவ்விடத்துத் தொடர் நிறைவுறாமல் நிற்கிறது. அங்கே 'பெயரற்றது' என்னும் பொருளுடைய சொல் விடுபட்டிருக்க வேண்டும் என்று யாக்கோப் பெர்னேஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஊகித்தார். ஏட்டுச் சான்று எதுவும் அவர் கையில் இல்லை. அவர் 1881இல் மறைந்தார். 1887இல் மார்கோலியத் மத்தாவின் அரபிப் பெயர்ப்பைப் பதிப்பித்தபோது, அக்கலைக்கு இதுவரை பெயரில்லை என்னும் கருத்து அதில் தெளிவாக இருந்தது! மத்தா ஆதாரமாகக் கொண்ட ஸுர்யானிப் பெயர்ப்பு, இன்று எஞ்சியுள்ள கிரேக்க ஏடுகளினும் பழைய ஓர் ஏட்டிலிருந்து வந்தது. கிரேக்க ஏடுகள் இழந்த சொல்லை, கிரேக்கம் அறியாத மத்தா சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் காத்துவிட்டார்.

இடையில் வந்த எவரேனும், இது நடையற்ற அரபி, புதுக்கிவிடுவோம் என்று கை வைத்திருந்தால் அச்சொல் எஞ்சியிருக்குமா? மத்தாவின் நடையில் குறை கண்டோர் பலர். ஆயினும் படியெடுத்தோர் அதை மாற்றவில்லை. அந்த அடக்கமே அரிஸ்டாட்டிலின் ஒரு சொல்லை மீட்டுத் தந்தது.

அச்சுக் காலத்தில்

அச்சு வந்தபின் இப்பணி புதிய கைகளுக்கு மாறியது. இப்னு ஸுவாரின் தொகுதியை அப்துர் ரஹ்மான் பதவீ 1948 முதல் 1952 வரை 'மன்திக் அரஸ்தூ' என்னும் பெயரில் கெய்ரோவில் மூன்று பாகங்களாக வெளியிட்டார். பிளேட்டோவின் 'திமாயுஸ்' நூலுக்கு ஜாலீனூஸ் எழுதிய சுருக்கம் கிரேக்கத்தில் அழிந்து அரபியில் எஞ்சியது. அது 1951இல் அச்சாயிற்று. அதன் பதிப்பாசிரியர் இருவருள் ஒருவரான பவுல் கிரவுஸ் 1944இலேயே கெய்ரோவில் மறைந்துவிட்டார். உடன் உழைத்த ரிச்சர்ட் வால்ஸர் அவர் பெயரையும் முகப்பில் இட்டு வெளியிட்டார். மறைந்தவரின் உழைப்பை மறைக்காத பண்பு எச்சமயத்தாரிடம் இருப்பினும் போற்றத்தக்கது.

நம் நாடும் இதில் பின்தங்கவில்லை. 1888இல் ஹைதராபாதில் நிறுவப்பட்ட தாயிரத்துல் மஆரிஃப் அல்-ஃபாராபியின் நிருபங்களை அச்சிட்டது; 1947இல், அரிஸ்டாட்டிலின் இயற்கையியல் முதலிய நூல்களுக்கு இப்னு ருஷ்த் (மறைவு 1198) எழுதிய சுருக்கங்களை வெளியிட்டது. ஈராண்டு கழித்து, 1949இல், கிரேக்கத் தர்க்கத்தைக் கடுமையாக மறுத்து இப்னு தைமிய்யா (ரஹ்) எழுதிய 'அர்ரத்து அலல் மன்திகிய்யீன்' பம்பாயில் அச்சேறியது. தர்க்கத்தை ஏற்றவர் நூலும் மறுத்தவர் நூலும் இந்திய மண்ணிலேயே பேணப்பட்டன. மன்திக் வேண்டுமா வேண்டாமா என்னும் விவாதம் பழையது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளை மறுத்தவர். அவரே தர்க்கம் அறியாதவரின் கல்வியில் நம்பிக்கை இல்லை என்றும் கருதியவர். அவ்விவாதம் நடைபெறவும் நூல்கள் இருக்க வேண்டும். எரிந்த நூலை ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

மடவார் வளாகத்திற்கு மீள்வோம்

அன்பரின் குறிப்பேடுகளை நாம் ஒரு வாரம் வைத்துப் படித்தோம். 'ஜின்ஸ்' என்பதற்குப் பெரியவர் முதலில் 'இனம்' என்று எழுதி, அடித்து, 'பேரினம்' என்று எழுதியிருக்கிறார். சில பக்கங்கள் கழித்து மீண்டும் 'இனம்' வருகிறது. சிலவிடங்களில் உரையாசிரியரின் சொல் மூலத்தோடு கலந்திருக்கிறது. ஓரிடத்தில் பொருள் பிறழ்ந்திருப்பதாகவும் நமக்குத் தோன்றிற்று. இவற்றையெல்லாம் சீராக்க எம் கை பரபரத்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இப்னு ஸுவார் எம் கையைப் பிடித்தார்.

அன்பருக்கு நாம் கூறியது இதுதான். முதலில் குறிப்பேடுகளை அப்படியே படியெடுங்கள். பக்கம் பக்கமாக நிழற்படமும் எடுத்து வையுங்கள். அச்சில் உங்கள் தந்தையின் சொல்லே நூலின் உடலாக நிற்கட்டும். அடித்த சொல்லும் அடிக்குறிப்பில் இடம்பெறட்டும். அவர் எண்ணம் நடந்த வழி அது. எமக்குப் பிழை என்று தோன்றியதை எம் பெயரால் அடியில் எழுதுகிறோம். பிழை எம்முடையதாகவும் இருக்கலாம். முன்னுரையில், இதை அவர் கையெழுத்தில் கண்டோம் என்று எழுதுங்கள். அவர் அச்சுக்கு ஆயத்தம் செய்தார் என்று எழுதாதீர்கள்.

எஞ்சிய பகுதிகளை நீங்களே முடித்துத் தர இயலுமா என்று அன்பர் கேட்டார். எஞ்சியவை எவை என்று பார்த்தோம்: புர்ஹான், ஜதல், கதாபா, ஷிஃர், முகாலதா. இவற்றுள் இறுதி மூன்றும் பாக்தாதில் தீக்கிரையான மூன்று நூல்களின் பொருள்களே. சிறிது நேரம் நம்மால் பேச இயலவில்லை. முடித்துத் தருகிறோம், ஆனால் உங்கள் தந்தையின் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு இடுவோம். அக்கோட்டுக்குக் கீழுள்ளது எம்முடையது என்று வாசகர் அறியட்டும் என்றோம்.

அப்பகுதிக்கு மொழிபெயர்ப்பு புதிதன்று. கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைப் பாடிய தெலுங்குக் காப்பியமான 'ஆமுக்தமால்யதா'வைத் தமிழில் தந்த மு.கு. ஜகந்நாத ராஜா அருகிலுள்ள இராசபாளையத்தவர். 1875இல் தோன்றிய பென்னிங்டன் நூலகம் திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. நூல் அச்சானதும் ஒரு படி அங்கே சேரட்டும் என்றும் சொன்னோம். ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் நூல் அவ்வீட்டின் கூரையைப் போலவே பாதுகாப்பற்றது.

இக்கட்டுரையைப் படிப்போரின் இல்லங்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் இத்தகைய ஏடுகள் இருக்கக்கூடும். அரபியிலும் அரபுத் தமிழிலும் தமிழிலும் நம் முன்னோர் பெயர்த்தும் விளக்கியும் எழுதி, அச்சுக்குப் பணமின்றியோ ஆளின்றியோ விட்டுச் சென்றவை அவை. அவற்றை விற்கும் முன், பழைய தாளோடு போடும் முன், யஹ்யா இப்னு அதீ பணம் தேடிச் சென்று வெறுங்கையோடு நின்ற அந்தப் பொழுதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நூல் ஓர் அமானிதம். உரியவர் மறைந்துவிட்டால் அமானிதத்தின் கனம் குறைவதில்லை. திருப்பிக் கேட்க அவர் இல்லாததால் கூடவே செய்கிறது.

மறைந்த பெரியாரின் கல்வியை அவருக்குத் தொடரும் நன்மையாக வல்ல அல்லாஹ் ஆக்குவானாக! அதனைச் சுமக்கும் பிள்ளையின் கரங்களுக்கும் அவன் வலிமை தருவானாக! ஆமீன்.